நான்காம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் பொதுவான ஒரு ஸ்டூல்

போன மாதம் சேவைக் கடிதம் ஒன்று எடுப்பதற்காக வெள்ளவத்தைக்குப் போனேன். நான் முப்பத்தைந்து வருடம் லிப்ட் ஓட்டிய கட்டடத்தில் இப்போது புது லிப்ட் போட்டிருக்கிறார்கள். கதவு தானாகத் திறக்கிறது. ஒரு பெண் குரல் மாடியின் எண்ணை மூன்று மொழியிலும் சொல்கிறது. மாடிகளில் உள்ள கந்தோர்களில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு, பழைய லிப்டை நினைத்தால் கவலையாக இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. சரியான பதில் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. புது லிப்டுக்குக் கால் இல்லை. அதனால் அதை உட்கார விடலாமா கூடாதா என்று யாரும் கொள்கை பேச மாட்டார்கள். என் விஷயத்தில் பேசினார்கள். பழைய லிப்டின் கதையை எழுதித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருந்ததால் அதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பத்தொன்பது வயதில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்பிருந்தவர் பத்து நாள் பழக்கினார். உள் கிராதிக் கதவைச் சாத்தாமல் லிப்டை ஓட்டும் பிடியைத் தொடாதே. தளமும் லிப்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், கிழவியின் செருப்புக்கூடத் தடக்கக் கூடாது. லிப்டுக்குள் கேட்பதை லிப்டுக்குள் விட்டுவிட்டுப் போ. இவ்வளவுதான் படிப்பு. கூச்ச சுபாவமுள்ள ஒருவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், ஒருவரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

கட்டடத்துக்கு ஆறு மாடி. நான்காம் மாடியில் உழைப்போர் மன்றம். அதன் செயலாளர் தோழர் சிவபாதம். ஆறாம் மாடியில் தடையற்ற தொழில் நிலையம். அதன் தலைவர் டொக்டர் அருள்நேசன். மருந்து எழுதும் டொக்டர் அல்ல, பொருளாதாரம் படித்த டொக்டர். அது தெரியாமல் ஒரு தடவை என் இருமலைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் இறங்கின பிறகும் கதவருகே நின்று நெடுநேரம் விளக்கம் சொன்னார். இருமல் பயந்து நின்றுவிட்டது.

இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். பிறகு ஒருவர் இடதுபக்கம் போனார், மற்றவர் வலதுபக்கம் போனார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆகவே அவர்களை ஒரே தடவையில் ஏற்றக் கூடாது என்பது என் வேலையில் எழுதப்படாத பகுதி. ஆறாம் மாடிக்காரரை இறக்கிக்கொண்டு வரும்போது நான்காம் மாடியில் மணி அடித்தால் நிறுத்தாமல் போய்விடுவேன். கீழே இருவரும் ஒன்றாக வந்து நின்றால், பிடியில் ஏதோ கோளாறு போலக் குனிந்து பார்ப்பேன். யாராவது ஒருவர் பொறுமை இழந்து படியேறுவார். பெரும்பாலும் தோழர்தான் ஏறுவார். வருடக்கணக்காக அவர்கள் ஒருவரையொருவர் பேப்பரிலும் விவாத மேடையிலும் மட்டும் சந்தித்தார்கள். அதற்குக் காரணம் நான்.

லிப்டில் கேட்பதை விட்டுவிட்டுப் போ என்று சொல்லித் தந்திருந்தாலும் கொஞ்சம் காதில் ஒட்டத்தான் செய்யும். இருவரும் தங்கள் ஆட்களோடு பேசுவது ஒரே விஷயம், சுதந்திரம். ஆறாம் மாடியின் கணக்கில், உன் கையை யாரும் பிடித்துத் தடுக்காவிட்டால் நீ சுதந்திரமானவன். நான்காம் மாடியின் கணக்கில், உன் கையில் வாழ்வதற்கு ஏதாவது இருந்தால்தான் நீ சுதந்திரமானவன், வெறுங்கையோடு இருப்பவனை யாரும் தடுக்கத் தேவையில்லை. இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. என் சிக்கல் கையில் இல்லை, காலில்.

லிப்ட்காரன் நிற்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் அந்த லிப்டில் ஒருபோதும் இருக்கை இருந்ததில்லை. காலை எட்டு மணிக்கு ஏறினால் மாலை ஐந்தரை வரை நிற்பேன். முப்பது வருடத்துக்கு மேல் அப்படி நின்ற பிறகு இடது காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே புண் வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் அம்மா, மருந்து எழுதும் உண்மையான டொக்டர், தெளிவாகச் சொன்னார். உட்கார்ந்து வேலை செய்தால் புண் ஆறும். நின்றுகொண்டே இருந்தால் வேலையை விட வேண்டி வரும், அதற்குப் பிறகு காலையும் விட வேண்டி வரலாம். மகளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். வேலையை விடுவது என்பது நினைத்துப் பார்க்கக் கூடிய காரியமாக இருக்கவில்லை.

கட்டட மனேஜர் பாரூக் சேரிடம் போனேன். அவர் ஒரு நல்ல மனிதர். இல்லை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் பழைய சாரத்தில் கிழித்த துணித் துண்டு ஒன்றினால் துடைப்பார். அவர் கை கண்ணாடிக்குப் போனால் காரியம் நடக்காது என்று தெரிந்துகொள்வோம். அன்றைக்கும் கழற்றினார்.

“லிப்ட் பொதுச் சாமான், செபஸ்தியான். அதுக்குள்ள ஒரு ஆணி அடிக்கிறண்டாலும் குடியிருப்போர் குழு கையெழுத்து வெக்கோணும். குழுவில ரெண்டு பேர்தான் இரிக்கி. யாரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

அவரே ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தார். லிப்ட் ஓட்டுநர் உட்கார ஒரு ஸ்டூல். கீழே இரண்டு கோடு, இரண்டு கையெழுத்துக்கு. அதை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் நான்காம் மாடிக்குப் போனேன்.

தோழர் சிவபாதம் வாசித்துவிட்டு எழுந்து நின்று என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை. பிறகு கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். “தோழர், நீர் தனிய ஒரு ஸ்டூலிலை இருந்தா, கொழும்பிலை நிக்கிற மற்ற லிப்ட் தோழர்மாருக்கு நான் என்ன சொல்லுறது? உமக்கு ஒரு ஸ்டூலைத் தந்து உம்மடை வாயை அடைக்கப் பாக்கினம்.” எல்லோருக்கும் ஸ்டூல் கிடைக்கும் நாளில் எனக்கும் கிடைக்கும் என்றார். அந்த நாள் எப்போது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. புறப்படும்போது காலுக்குப் பூச ஒரு போத்தல் எண்ணெய் தந்தார்.

டொக்டர் அருள்நேசன் என்னை உட்காரச் சொல்லித்தான் பேசினார். அவருடைய கதிரைகள் மெத்தை வைத்தவை. பொதுப் பணத்தில் ஸ்டூல் வாங்கினால், படியேறிப் போகும் மனிதரும் அதற்குப் பணம் கட்ட நேரிடும், அது அவருடைய சுதந்திரத்தில் கை வைப்பது என்றார். “நிக்கச் சொல்லி உங்களை ஒருத்தரும் கட்டி வைக்கேல்லை, செபஸ்தியான். இந்த வேலை பிடிக்காட்டில் நாளைக்கே விட்டுட்டுப் போகலாம். அந்தச் சுதந்திரம் எத்தினை நாட்டிலை இல்லை தெரியுமோ?” எனக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் சொந்த ஸ்டூல் கொண்டுவரலாம் என்றார்.

மறுநாள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுபோனேன். பத்து மணிக்குள் தோழர் பார்த்துவிட்டார். தொழிலாளி தன் வேலைக்கு வேண்டிய பொருளைத் தன் பணத்தில் கொண்டுவருவது, சுரண்டலிலேயே மோசமான சுரண்டல் என்று பாரூக் சேருக்குக் கடிதம் எழுதினார். பாரூக் சேர் கண்ணாடியைக் கழற்றினார். தனியார் பொருளைப் பொது லிப்டில் வைப்பதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். ஸ்டூல் காவலாளியின் அறைக்குப் போனது. இரண்டு வாரத்தில் அதன் கால் உடைந்தது. என் கால் அதற்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

காவலாளி ஜயசேன அய்யேயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன். மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போய் லிப்ட் நடுவழியில் நின்றால் மனிதரை வெளியே எடுக்க ஒரு முறை உண்டு. மொட்டை மாடியில் மோட்டார் அறை இருக்கிறது. அங்கே முதலில் பெரிய சுவிட்சை அணைக்க வேண்டும். ஒருவர் இரும்புத் தடியால் பிரேக்கைத் திறந்து பிடிப்பார். மற்றவர் பெரிய சக்கரத்தைச் சுற்றுவார். லிப்டுக்குள் மூன்று பேர் மட்டும் இருந்தால் மேலே சுற்றுவது லேசு, எதிர்ப்பாரம் இழுத்துத் தரும். கயிற்றில் மஞ்சள் பெயின்டால் ஒவ்வொரு மாடிக்கும் குறி இருக்கிறது. குறி வந்ததும் பிரேக்கை விட வேண்டும். கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், தனியாக யாரும் செய்யக் கூடாது.

முன்பு ஜயசேன அய்யேயும் பியோன் ஒருவரும் இதைச் செய்தார்கள். ஒருவர் பல வேலை செய்யச் சுதந்திரம் வேண்டும் என்று ஆறாம் மாடி ஓர் அறிக்கை கொடுத்ததில் பியோன் என்ற வேலையையே எடுத்துவிட்டார்கள். கூலி இல்லாத மேலதிக வேலையிலிருந்து விடுதலை வேண்டும் என்று நான்காம் மாடி போராடியதில், ஜயசேன அய்யேக்கு ஒரு வேலைப் பட்டியல் வந்தது. சக்கரம் சுற்றுவது அதில் இல்லை. தோழர் கையெழுத்திட்ட அந்தப் பட்டியலை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

ஆகவே பாரூக் சேர் ஒரு விதி போட்டார். மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே லிப்டைக் கீழே நிறுத்தி விட வேண்டும். யார் கேட்டாலும் ஏற்றக் கூடாது.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வெட்டு. நான் லிப்டைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். புண் அன்று நெருப்பாக எரிந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன், வாசலைப் பார்க்கவில்லை. அதுதான் என் பிழை. கண்ணைத் திறந்தபோது இருவரும் என் முன்னால் நிற்கிறார்கள். பக்கத்து மண்டபம் ஒன்றில் பொருளாதாரச் சுதந்திரம் என்ற தலைப்பில் விவாதம் முடிந்து, ஆளுக்கொரு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இருவர் கையிலும் கட்டுக்கட்டாகப் புத்தகம். வெயிலில் இருவருக்கும் முகம் சிவந்திருந்தது.

லிப்ட் போகாது, நேரமாகிவிட்டது என்று சொன்னேன். பொதுவசதியை மக்களுக்கு மறுக்க எந்த மனேஜருக்கும் உரிமை இல்லை என்றார் தோழர். தன்னுடைய ஆபத்தைத் தானே ஏற்க ஒரு மனிதருக்குச் சுதந்திரம் உண்டு, அதில் மனேஜருக்கு என்ன வேலை என்றார் டொக்டர். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இரண்டு கொள்கையும் ஒரே பக்கம் வந்து நிற்கும்போது ஐந்தாம் வகுப்புக்காரன் என்ன செய்வான்? கதவைச் சாத்தினேன்.

இரண்டாம் மாடியைத் தாண்டி மூன்றாம் மாடித் தளம் நெஞ்சு மட்டத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. ஐந்து நிமிடம் முந்திப் போய்விட்டது.

சாவியால் கிராதியில் மூன்று தட்டுத் தட்டினேன். ஜயசேன அய்யே படியேறி வந்து மூன்றாம் மாடிக் கதவருகே குந்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். தோழர் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். ஜயசேன அய்யே மிகுந்த மரியாதையோடு, சிங்களத்தில், அது என் பட்டியலில் இல்லை மாத்தயா, நீங்கள்தான் போராடி எடுத்துத் தந்தீர்கள் என்றார். டொக்டர் சிரித்தார். பியோன் இருந்தால் அவனையாவது கேட்கலாம் என்று ஜயசேன அய்யே தொடர்ந்ததும் டொக்டர் சிரிப்பை நிறுத்தினார். கரண்ட் வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே ஆகும்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் புத்தகக் கட்டைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். இருட்டில் கட்டு மாறிவிட்டது. ஒருவருடைய புத்தகத்தின் மேல் மற்றவர் உட்கார்ந்திருந்ததை நான் சொல்லவில்லை. நான் நின்றேன். பிறகு கால் தாங்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலான வேலையில் முதல் தடவையாக லிப்டின் தரையில் உட்கார்ந்தேன்.

“பாத்தீரோ, அவர் தன்ரை உரிமையை எடுத்திட்டார்” என்றார் தோழர்.

“உரிமையுமில்லை மண்ணுமில்லை. ஒருத்தரும் தடுக்கேல்லை, தன்ரை விருப்பத்துக்கு இருந்தவர்” என்றார் டொக்டர்.

நான் எந்தக் கொள்கையின்படி உட்கார்ந்தேன் என்று இருபது நிமிடம் வாதாடினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைக்கூடச் சாட்சிக்கு இழுத்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழாமல் இருப்பதற்காக என்று சொல்லியிருப்பேன். வாதத்தின் நடுவில் தோழர் எதையோ காட்ட போன் வெளிச்சத்தைப் போட்டார். அது என் இடது காலில் போட்டிருந்த கால்மேஸில் விழுந்தது. துணியில் இரத்தம் ஊறிச் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. டொக்டர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். தோழர் முழங்காலில் நின்று அதைக் கட்டினார். டொக்டர் வெளிச்சம் பிடித்தார். அந்தச் சில நிமிடம் லிப்டுக்குள் எந்தக் கொள்கையும் இருக்கவில்லை.

அப்போதுதான் ரீட்டா வந்தாள். மட்டக்குளியிலிருந்து வந்து கட்டடம் கூட்டுகிறவள், நாட்கூலி. வாளியை வைத்துவிட்டுத் தரையோடு முகத்தை வைத்து எங்களைப் பார்த்தாள். தான் சக்கரம் சுற்றுவதாகவும், பல தடவை பார்த்திருப்பதாகவும் சொன்னாள். ஜயசேன அய்யே பிரேக்கைப் பிடித்தால் போதும். தோழர் ஒரு காகிதத்தில் அதற்கு அனுமதி எழுதித் தருவதாகச் சொல்லிச் சட்டைப் பையைத் தடவினார்.

“காயிதம் தேட வேணாம் தோழர். செபா அண்ணன் பையில ஒண்டு இருக்கு. அதுல கையெழுத்து வெச்சிக் குடுங்க, பின்பக்கத்துல அய்யேக்கு எழுதுங்க. ரெண்டு பேரும் வெச்சாத்தான் நான் மேல போவேன்.”

இது மிரட்டல் என்றார் டொக்டர்.

“இல்ல சேர். நான் எந்த லிஸ்ட்லயும் இல்ல. சுத்தச் சொல்லி என்னய ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலாதுதானே. நீங்கதான் லிப்டுல ஏறக்குள்ள எல்லாம் சொல்லுவீங்க.”

தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாத வருத்தம் டொக்டரின் முகத்தில் தெரிந்தது. வேலையை நிறுத்தி வைத்துக் கோரிக்கை கேட்கும் ஒரு பெண்ணை மறுக்கத் தோழருக்கும் வழி இல்லை. நான் விண்ணப்பத்தை எடுத்தேன். மாதக்கணக்காகப் பையில் கிடந்து மடிப்பில் கிழிந்திருந்தது. என் முதுகில் வைத்து இருவரும் எழுதினார்கள். கையெழுத்துக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ரீட்டா காகிதத்தைக் கிராதி வழியாக வாங்கி, ஜயசேன அய்யேயையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். சிறிது நேரத்தில் லிப்ட் விரல் விரலாக ஏறி, மூன்றாம் மாடியில் மட்டமாக நின்றது. நான் ஓட்டினாலும் அவ்வளவு மட்டமாக நிற்காது.

மறுநாள் பாரூக் சேர் காகிதத்தை வாசித்தார். கை மெதுவாகக் கண்ணாடிக்குப் போனது. கையெழுத்துக்கு மேலே ஆளுக்கொரு வரி சேர்த்திருந்தார்கள். உட்காருவது தொழிலாளியின் ஓய்வு, ஆகவே உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் வேலை வாங்கக் கூடாது என்பது தோழரின் வரி. ஸ்டூல் வேலைக்கான கருவி, ஆகவே வேலை செய்யும்போது தவிர வேறு நேரத்தில் அதைப் பாவிக்கக் கூடாது என்பது டொக்டரின் வரி.

“வேலை செய்யக்குள்ள இருக்க ஏலா. வேலை செய்யாத நேரமும் இருக்க ஏலா” என்றார் பாரூக் சேர். “ஆனா ஸ்டூல் வாங்கலாம்.”

வாங்கினார்கள். நல்ல தேக்குமர ஸ்டூல். லிப்டின் மூலையில் வைத்தார்கள். ஆட்கள் அதில் கைப்பை வைத்தார்கள், டியூஷன் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். ஆள் இல்லாத நேரம் நான் களவாக உட்காருவேன். மணி அடித்தால் எழும்புவேன். அது போதவில்லை. அடுத்த வருடம் கிளினிக்கில் கடிதம் தந்தார்கள், ஐம்பத்துநான்கு வயதில் ஓய்வு பெற்றேன். கால் இன்னும் இருக்கிறது. மகளின் கலியாணம், சம்பளம் நின்றதால் ஒன்றரை வருடம் பிந்தித்தான் நடந்தது.

பிரியாவிடையில் இருவரும் பேசினார்கள். போராடி வென்ற ஸ்டூல் என்றார் ஒருவர். சுதந்திரமான பேரத்தில் கிடைத்த ஸ்டூல் என்றார் மற்றவர். நான் ஒரு ஓரமாக நின்று கேட்டேன். கூட்டம் கலைந்ததும் லிப்டுக்குள் போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே பாரூக் சேர் நின்றார். பொதுச் சாமானை வெளியே கொண்டுபோக இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. வாகனங்கள் நெரியும் காலி வீதியை நான் கடக்கும்வரை துடைத்துக்கொண்டே நின்றார்.

கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை. வேலை முடிந்து என்னோடு வந்த ரீட்டா முன்னால் ஏறி ஒரு மூலையைத் தள்ளிப் பிடித்துத் தந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து ஸ்டூலுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். ரீட்டா வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இரண்டு டிக்கெட் எடுத்தேன். பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு கழுத்துப்பட்டிக்காரர், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, என்னையும் ஸ்டூலையும் நெடுநேரம் பார்த்தார்.

“அங்கிள், பஸ்ஸுக்குள்ள இப்பிடி ஸ்டூல் போட்டு இருக்க ஏலுமா?”

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். அன்று உடனே வந்தது.

“ஏலுது, தம்பி” என்றேன்.